படிக்க ஒருவர், டிக் அடிக்க ஒருவர்

மார்ச் 20, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கடல் காற்று எண்ணூர் நெடுஞ்சாலையைத் தாண்டி வரவில்லை. கண்டெய்னர் லாரிகள் மறித்துக்கொண்டன போல. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நல்ல சகுனம்.

ஆபீஸ். வருடக் கணக்கு முடிப்பு ஆரம்பம். சூப்பிரண்டு சார் (இனிமேல் சூ.சார், முழுசாக எழுதினால் கை வலிக்கிறது) பலகையில் எழுதிப் போட்டார்:

— வங்கிக் கணக்கு ஒத்துப்பார்ப்பது (நான்)
— முன்பணம் வாங்கியவர்களைப் பிடித்து ரசீது வாங்குவது
— கான்ட்ராக்டர் பில்கள். 31 தாண்டினால் நிதி போச்சு
— பினாயில், துடைப்பம், பிளீச்சிங் பவுடர் இருப்பு
— டீ செலவு யார் தலையில் (இது பலகையில் இல்லை, ஆனால் உண்டு)

கம்ப்யூட்டர் வந்தும் எங்கள் மாநகராட்சி மண்டல ஆபீஸில் மார்ச் வழக்கம் மாறவில்லை. மாதாமாதம் அச்செடுத்துக் கட்டிவைத்த ரொக்கப் புத்தகத்தை ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். எதிரில் இன்னொருவர் வங்கிப் பட்டியலை வைத்துக்கொண்டு டிக் அடிக்க வேண்டும். "கண்ணு ஏமாத்தும்மா, காது ஏமாத்தாது" என்பது சூ.சார் கட்சி.

படிப்பது எப்போதும் நான்தான். அப்படி ஒரு குரல். பக்கத்து சுகாதாரப் பிரிவு வரைக்கும் போகும். "லோகு அக்காவுக்கு மைக் வேணாம்" என்று கிண்டல். சம்மட்டிப் பட்டறையில் காதைத் தொலைத்துவிட்டு வந்த மனுஷனோடு குடித்தனம் பண்ணிப் பார்க்கட்டும். யாருக்கும் இந்தக் குரல் வந்துவிடும்.

வழக்கமாக டிக் அடிக்கிற ஜெயந்திக்கு அம்மை போட்டிருக்கிறது. பாவம். அவள் இடத்தில் புதுசாக வந்த செல்வி. நான் ஒரு வரி முடிப்பதற்குள் அவள் மொபைலில் இரண்டு பார்த்துவிடுகிறாள்.

ராத்திரி சாப்பிடும்போது நித்யா, "மா, ஏப்ரல் ரெண்டு, ஞாயித்துக்கெழம, அருண் வீட்ல இருந்து வராங்களாம். கல்யாணத் தேதி பேசிடலாம்னாங்க" என்றாள். இவர் அவளைப் பார்த்தபடியே ரசம் ஊற்றிக்கொண்டார். கேட்டதா, கேட்கவில்லையா. மகள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டிருப்பார். ரசம் தட்டை விட்டு வழிந்தது.

மார்ச் 22, புதன்

யுகாதி. லீவு. எதிர் வீட்டு ரமணம்மா வேப்பம்பூ பச்சடி கொடுத்தாள். கசப்புதான் முதலில் வாயில் பட்டது. தொண்டை கரகரப்பு. மிளகு பால்.

மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன், எழுதினால் கொஞ்சம் இறங்கும்.

ஜனவரியில் அருணின் அப்பா அம்மா முதல் தடவை வந்தார்கள். அருணின் அப்பா காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவர். மெதுவாகப் பேசுகிற ஆள். பேச்சோடு பேச்சாகத் தன் அண்ணனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். போன வருடம் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. உடம்புகூடக் கிடைக்கவில்லை. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. இவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதபோது இவர் செய்வது ஒன்றுதான்: தலையாட்டிச் சிரிப்பார். அன்றைக்கும் சிரித்தார். "ஆங், ஆங், ரொம்ப சந்தோசம்" என்று வேறு சொன்னார்.

அவர் பாதியில் நிறுத்திவிட்டார். நான் எழுந்து காபி கொண்டுவரப் போனேன். வேறு என்ன செய்ய.

அவர்கள் போன பிறகு நித்யா அழுதுகொண்டே விஷயத்தைக் கத்திச் சொன்னாள். அன்றிலிருந்து இவர் யார் முன்னாலும் உட்காருவதில்லை. காஸ் சிலிண்டர் பையன் வந்தால்கூட மாடிக்குப் போய்விடுகிறார்.

காது மெஷின் இருக்கிறது. நித்யா வாங்கிக் கொடுத்தது. சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். "சாமிக்குத்தான் எல்லாம் கேக்கணும், எனக்கு இன்னாத்துக்கு?" என்று ஒரு ஜோக். நேற்று மறுபடி கேட்டேன், ஏன் போடுவதில்லை என்று. சொன்னார்:

"அத்த போட்டா லாரி சத்தம் கேக்குது, மிக்ஸி கேக்குது. உன் கொரல் மட்டும் வேற எவளோ பேசற மாதிரி கீது லோகு. எனக்கு உன் கொரலு தெரியும். அத்த கெட்த்துக்க மாட்டேன்."

சண்டை போடத்தான் கேட்டேன். இதற்கு எப்படிச் சண்டை போடுவது.

மார்ச் 24, வெள்ளி

போச்சு. மத்தியானம் டிசம்பர் மாதப் பக்கத்தில் இருந்தபோது குரல் உடைந்தது. "முந்நூற்று" என்றேன், காற்று மட்டும் வந்தது. செல்வி சிரித்தாள், பிறகு பயந்துவிட்டாள்.

சாயங்காலம் சுகாதார நிலையம். டாக்டரம்மா சின்னப் பெண். தொண்டையில் வெளிச்சம் அடித்துப் பார்த்து, "ஒரு வாரத்துக்கு மேல பேசவே கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் மோசம். மீறிப் பேசினா ஆபரேஷன்ல போய் நிக்கும்" என்றாள். மார்ச் மாதத்தில் கணக்குப் பிரிவுக்காரியிடம் சொல்கிற பேச்சா இது.

அதிமதுரம், பனங்கற்கண்டு, மாத்திரை. சூ.சாருக்கு வாட்ஸாப். பதில்: "உடம்பை பார்த்துக்கோங்க. திங்கள் வந்துடுவீங்கல்ல."

மார்ச் 25, சனி

ஆபீஸ் அரை நாள். தனியாக டிக். ஒன்றும் நகரவில்லை.

வீட்டில் ஒரு கூத்து. எனக்குக் குரல் போனது இவருக்குத் தெரியாது! எப்படித் தெரியும். நான் பேசினாலும் பாதி கேட்காது, பேசாவிட்டாலும் கேட்காது. நேற்று ராத்திரியிலிருந்து நான் வாயைத் திறக்காததைப் பார்த்து, ஜனவரி விஷயத்துக்கு இப்போதுதான் கோபம் வந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். காலையில் பாத்திரம் கழுவி வைத்திருந்தார். துணி மடித்திருந்தார், என் புடவையைக்கூட, நாலு மூலையும் சேராமல். மத்தியானம் பையோடு வந்தார். வஞ்சிரம்! மாதக் கடைசியில்!

சொல்லிவிடலாம் என்று பேப்பர் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். ஒரு நாள் இருக்கட்டுமே. வாயை மூடினால் வஞ்சிரம் வரும் என்று கல்யாணமான புதிதிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

மீன் நன்றாக இருந்தது. நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். மனசு கேட்கவில்லை. நாளை சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 26, ஞாயிறு

நித்யா போட்டு உடைத்துவிட்டாள். அவர் காதருகே போய், "பா! அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு! பேசக் கூடாதாம்! கோவம் இல்ல!" என்று கத்தினாள். ரமணம்மா வீட்டுக்கும் தகவல் போயிருக்கும்.

இவர் என்னைப் பார்த்தார். "நேத்து வஞ்சிரம் துன்னியே, அப்போ சொல்ல வேண்டியதுதானே?" நான் சிரித்தேன், சத்தமே வரவில்லை. அவரும் சிரித்தார். மீன் முள்ளை எனக்காகப் பிரித்து எடுத்த கை. அந்தக் கையைத் தூக்கி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டி வாய்ப்பக்கம் சாய்த்தார்.

புரியவில்லை. மறுபடி செய்தார்.

"டீ வோணுமான்னு கேக்கறேன்மே. பட்டறைல இப்டித்தான்."

சம்மட்டி விழுகிற இடத்தில் யார் பேசினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாமே கையால்தானாம். எனக்கு இத்தனை வருடமாக இது தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று பேப்பரில் எழுதிக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்தார்.

"அங்க கை காட்னா வேலக்காரன். வூட்ல கை காட்னா செவிடன்."

டீ அவரே போட்டார். சர்க்கரை அதிகம்.

மார்ச் 27, திங்கள்

காலை கொஞ்சம் தூறல், பிறகு இன்னும் புழுக்கம்.

செல்வியை வரி வசூல் கவுன்ட்டருக்கு இழுத்துக்கொண்டார்கள். அங்கே கூட்டம் கேட் வரைக்கும். என் மேஜையில் நான், ஒரு கட்டுக் காகிதம், வெந்நீர் பிளாஸ்க். தனியாக ஒத்துப்பார்த்தேன். கண் இங்கே ஒரு வரி, அங்கே ஒரு வரி தாவுகிறது. சூ.சார் சொல்வது சரிதான், கண் ஏமாற்றும்.

மொத்தம் போட்டால் வங்கியைவிட எங்கள் புத்தகத்தில் ரூ. 2,110 கூட இருக்கிறது. பெரிய தொகை குறைந்தால்கூடக் கண்டுபிடித்துவிடலாம். இந்த மாதிரி சின்னது எங்காவது மூலையில் உட்கார்ந்துகொண்டு சிரிக்கும். மார்ச்சிலிருந்து பின்னோக்கி மறுபடி பார்த்து வர வேண்டியதுதான்.

வீட்டில் கைப் பாடம். சொல்லிக் கொடுக்கும்போது இவர் முகமே வேறு. எழுதி வைக்கிறேன், மறந்துவிடுவேன்:

— எண்கள் விரலில். அஞ்சுக்கு மேல் என்றால் நெஞ்சைத் தட்டிவிட்டு மீதி விரல். சைபருக்கு மூடிய கை
— உள்ளங்கை காட்டினால், நிறுத்து
— விரல் நுனியில் ஊதினால், சூடு, கிட்டே வராதே
— இரண்டு விரலைச் சேர்த்து நெற்றியில் தட்டினால், சரி, நல்லா வந்துடுச்சு, அடுத்ததை எடு
— இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே போட்டால், உலை அணைஞ்சுது, இனி ஒன்றும் இல்லை

நான் "சூடு" காட்டி அவரை அடுப்பிலிருந்து விரட்டினேன். "பாரு, மேஸ்திரி ஆயிட்டா" என்றார்.

மார்ச் 29, புதன்

சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனேன். அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

ஒரு மணிக்கு இவர் டப்பாவோடு ஆபீஸுக்கு வந்தார். உள்ளே வராமல் வராண்டா தூண் ஓரமாக நின்றார், கான்ட்ராக்டர்கள் கும்பலுக்கு நடுவில். மார்ச் கடைசி வாரம் அவர்கள் அங்கேதான் குடியிருப்பு. நான் உள்ளேயிருந்தே கையைக் காட்டினேன். டீ வேண்டுமா? அவர் உள்ளங்கை காட்டினார். வேண்டாம்.

சூ.சார் இதைப் பார்த்துவிட்டார். வந்து, "மாணிக்கம் அண்ணன்தானே? படிப்பாரா?" என்று என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன். "தமிழ், இங்கிலீஷ் நம்பர் எல்லாம்?" தலையாட்டினேன். "இது அச்செடுத்த காகிதம், ரகசியம் ஒண்ணும் இல்ல. காது கேக்கலேன்னா என்ன, படிக்கிறதுக்கு வாய் போதும். கேக்கிறதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாகிவிட்டது.

இவர் முதலில் மாட்டேன் என்றார். ஆபீஸ் ஆளுங்க முன்னால், ஐயையோ. நான் கையில் காகிதத்தைத் திணித்தேன். கண்ணாடியை எடுத்தார். தொண்டையைக் கனைத்தார். ஆரம்பித்தார்.

தெய்வமே. தன் குரல் தனக்கே கேட்காத ஆள், எவ்வளவு சத்தமாகப் படிப்பார்? சம்மட்டிப் பட்டறையில் அடுத்த ஷெட்டுக்குக் கேட்கிற மாதிரி. "நாலாம் தேதி! செலவு! தண்ணி லாரி வாடகை!" என்று கூடவே கம்பெனி பெயரையும் சேர்த்து, மேஜை அதிர. நான் உள்ளங்கை காட்டுவதற்குள் அடுத்த இரண்டு வரியும் போய்விட்டது. கணக்குப் பிரிவில் எல்லோரும் பேனாவை வைத்துவிட்டார்கள்.

அப்புறம் ஒரு கான்ட்ராக்டர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். "இன்னா சார் இது! அவனுக்கு நாலாந்தேதியே செக்கு போட்டுட்டீங்க! நான் இங்க செருப்பு தேய நின்னுகினு கீறேன்! என்னுது எங்க சார்?" அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். "அண்ணே, எம் பேரு வந்துச்சா? மறுபடி படிண்ணே!" இவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து வழக்கம்போல் சிரித்துத் தலையாட்டினார். ஏற்கெனவே கொதிக்கிற ஆளுக்கு இது போதாதா.

சூ.சார் கையெடுத்துக் கும்பிட்டு அவர்களை வெளியே அனுப்பினார். எங்கள் இருவரையும் பின்னால் பதிவறைக்கு அனுப்பினார். ஜன்னல் ஒன்று, பழைய கட்டுகள் கூரை வரைக்கும். குரலையெல்லாம் காகிதம் குடித்துவிடும்.

இவர் வாசலிலேயே நின்றார். முகம் சிவந்துவிட்டது. "நான் வூட்டுக்குப் போறேன் லோகு. உன் மானத்த வாங்கிட்டேன்."

நான் ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். எதிரில் உட்கார்ந்தேன். "படி" என்பதற்குப் பட்டறையில் சைகை கிடையாது. அங்கே படிக்க என்ன இருக்கிறது. அதனால் நானே ஒன்று பண்ணினேன்: இடது உள்ளங்கையில் வலது விரலால் ஒரு கோடு. வரி மாதிரி.

பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

மார்ச் 30, வியாழன்

நாள் முழுக்கப் பதிவறை. தூசி, தும்மல். நான் டிக் அடித்து நெற்றியில் இரண்டு விரல் தட்டினால் அடுத்த வரி. உள்ளங்கை காட்டினால் நிற்பார். எண் சரியாகப் புரியாவிட்டால் விரலில் கேட்பேன், விரலில் சொல்வார். ஜெயந்தியோடு இருந்த வேகம் இல்லை. ஆனால் ஒரு வரிகூடத் தவறவில்லை.

ஒரு தொல்லை. எதைப் படிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று இவருக்குத் தெரியாது. நாங்கள் தேதி, தொகை மட்டும் படிப்போம். இவர் எல்லாவற்றையும் படிக்கிறார். பக்க எண். "பின்பக்கம் பார்க்க." ஓரத்தில் யாரோ போட்ட கையெழுத்து. ஒரு இடத்தில், "இங்க டீ கொட்டிகினு கீது." சிரிப்பு வந்து பேனாவைக் கீழே போட்டேன்.

நடுவில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடி மூக்கு நுனியில். தொகையைச் சொல்லிவிட்டு, காகிதத்தைப் பார்க்காமல், என் நெற்றிக்காக என்னைப் பார்க்கிறார். ஒவ்வொரு வரிக்கும் பார்க்கிறார். இவர் என் முகத்தை ஒரு நாளில் இவ்வளவு தடவை பார்த்தது எப்போது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. கொஞ்சம் மெதுவாகவே டிக் அடித்தேன். சூ.சார் மன்னிக்கட்டும்.

மார்ச் 31, வெள்ளி

கிடைத்துவிட்டது!

நவம்பர் பக்கம். மார்க்கெட் கடை வாடகை, செக், ரூ. 2,110. இவர் தொகையைப் படித்துவிட்டு நிறுத்தவில்லை. "ஓரத்துல செவப்பு மையில, வங்கி திருப்பியது." நான் டிக் அடிக்கப் போன கை நின்றது. உள்ளங்கை. மறுபடி படிக்கச் சொன்னேன். படித்தார்.

செக் பணமில்லாமல் திரும்பி வந்திருக்கிறது. யாரோ ஒழுங்காக ஓரத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் கூட்டலில் கழிக்கவில்லை. இந்தப் பக்கத்தைப் போன வாரம் நானே என் வாயால் படித்தேன். சிவப்பு மையைப் பார்த்துக்கொண்டேதான் தாண்டிப் போனேன். ஓரத்தில் எழுதியதைப் படிக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

சூ.சார் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் எல்லோருக்கும் டீ, சமோசா, செலவு கடைசியில் அவர் தலையில். "அண்ணனுக்கு ரெண்டு சமோசா குடுங்க" என்றார். வராண்டா கான்ட்ராக்டருக்கும் பில் பாஸ் ஆகிவிட்டது. போகும்போது இவர் தோளைத் தட்டி, "நைனா, அடுத்த வருசமும் வந்து படி, ஆனா என் பேர மொதல்ல படி" என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் விரலால் பணம் எண்ணுகிற மாதிரி காட்டி, நெற்றியில் தட்டினேன். புரிந்து, அந்த ஆள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். நல்ல நேரம் என்று நினைத்துக் கேட்டேன். இரண்டு விரல், நாளை மறுநாள். பிறகு அருணுக்காக மீசை முறுக்கிக் காட்டினேன். வருகிறார்கள். நீங்கள் உட்காருவீர்களா?

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கையால் பேசுகிறவர்களுக்கு இது ஒரு வசதி. பார்க்காவிட்டால் கேட்காது.

ஏப்ரல் 1, சனி

வேர்க்கிறது. வீட்டைக் கழுவினேன். கேசரிக்கு ரவை, முந்திரி. நித்யா நகத்தைக் கடித்துக்கொண்டு அலைகிறாள். "பா இல்லாம தேதி பேசினா அவங்க என்ன நினைப்பாங்க? அவருக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கலையான்னு அருண் அப்பா ஏற்கெனவே கேட்டாராம்." போச்சுடா. அன்றைக்குச் சிரித்ததை அவர் அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறார். நாளைக்கும் இவர் இல்லையென்றால் முடிந்தது.

மத்தியானம் இவர் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நாளிக்கு பட்டறை தோஸ்து ஒர்த்தன் வூட்ல காது குத்து. காலீல போய்ட்டு நைட்டுதான் வருவேன்."

காது குத்தாம்! பொய் சொல்லத் தெரியாத மனுஷன். எனக்கு வந்த கோபத்துக்கு ஆறு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன். காற்றுதான் வந்தது. திட்டக்கூட முடியாத கோபம் ஒரு மனுஷிக்கு வரக் கூடாது.

முன்னால் போய் உள்ளங்கை காட்டினேன். சுவரைப் பார்த்தார். சுவர்ப் பக்கம் போய்க் காட்டினேன். இந்தப் பக்கம் திரும்பினார். நானும் திரும்பினேன். இப்படியே கூடத்தைச் சுற்றி வந்தோம், கட்டில், பீரோ, டி.வி. கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"அந்த ஆளு மூஞ்சிய எப்டி பார்ப்பேன் லோகு? அண்ணன் செத்தத சொல்றாரு. நான் இளிச்சிகினு குந்திகினு கீறேன். சந்தோசம்னு வேற சொன்னேன். இன்னா சொல்லுவேன் அவராண்ட?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். நித்யா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இதற்குப் பட்டறையில் ஏது சைகை. என்னிடம் இருந்தது ஒன்றுதான். அவர் உள்ளங்கையை என் மடியில் விரித்து வைத்து, என் விரலால் ஒரு கோடு போட்டேன்.

படிங்க.

பிறகு, நடுவில் இல்லை, ஓரத்தில் இன்னொரு கோடு போட்டேன். சிவப்பு மை இருந்த இடம். அங்கே இருப்பதையும் சேர்த்துப் படிங்க.

கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அது பதிலா, வேர்வையா, தெரியவில்லை.

ஏப்ரல் 2, ஞாயிறு

எழுந்தபோது இவர் படுக்கையில் இல்லை. போய்விட்டார் என்றே நினைத்தேன். எட்டு மணிக்கு வந்தார், முடி வெட்டிக்கொண்டு, மீசைக்கு மை அடித்துக்கொண்டு. மை கொஞ்சம் கன்னத்திலும் இருந்தது. துடைத்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு வந்தார்கள். அருண், அம்மா, அப்பா. அருண் அப்பா இவரைப் பார்த்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டார். கும்பிட்டதோடு சரி.

இவர் நாற்காலியை என் பக்கத்திலிருந்து தூக்கி எனக்கு எதிரில் போட்டார், பதிவறையில் உட்கார்ந்த மாதிரி. அங்கிருந்து என் கை தெரியும். அருணின் அம்மா ஏதோ கேட்டாள். என் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். நித்யா விளக்கினாள்.

இவர் என்னைப் பார்த்தார். நான் உள்ளங்கையில் கோடு போட்டேன்.

"நைனா," என்றார் இவர், அந்தப் பட்டறைக் குரலில். அருண் திடுக்கிட்டான். "அன்னிக்கு உங்க அண்ணன பத்தி சொன்னீங்க. நான் சிரிச்சேன். எனக்கு காது கேக்காது. சுத்தமா கேக்காது. கேக்காதுன்னு சொல்ல வெக்கம். அதான் சிரிச்சேன். எல்லாராண்டயும் அப்டித்தான் சிரிப்பேன். தப்பு. உங்க பையன எனக்கு ரொம்ப புடிக்கும். உங்கள புடிக்காம இல்ல." மூச்சு வாங்கினார். "அண்ணன பத்தி இன்னொரு வாட்டி சொல்லுங்க. இவ கைல சொல்லுவா. நான் பாத்துகினு கீறேன்."

நித்யா அழுதுவிட்டாள். நானும். அதைவிட, என் கதி என்ன என்று பயம். கடல், படகு, அண்ணன், இதற்கெல்லாம் எனக்கு ஏது சைகை? சூடு தெரியும், நிறுத்து தெரியும், ரெண்டாயிரத்து நூத்திப் பத்து தெரியும்.

அருண் அப்பா என் கைக்குக் காத்திருக்கவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு இவர் முழங்காலில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தார். "இதுக்கு எதுக்கும்மா நீ? போட்ல இன்ஜின் ஓடும்போது எங்களுக்கு மட்டும் காது கேக்குதா? நாங்களும் கைதான்" என்று என்னிடம் சொன்னார். இவர் பக்கம் திரும்பினார். தன்னைத் தொட்டார். இரண்டு விரலைச் சேர்த்து, ஒன்றைக் கொஞ்சம் உயர்த்தினார். பெரியவன். கையைத் தட்டையாக வைத்து அலை மாதிரி அசைத்தார், மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு ரொம்ப உயரமாக. ஒரு கையால் பிடித்து இழுக்கிற மாதிரி இழுத்தார். இழுத்தார். பிறகு விரல்களை விரித்துக் காட்டினார். கையில் ஒன்றும் இல்லை.

இவர் கண்ணை எடுக்காமல் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே போட்டார். உலை அணைஞ்சுது.

அது பட்டறைச் சைகை. அந்த ஆளுக்கு எப்படித் தெரியும். ஆனால் தலையாட்டினார். ஆமாம்.

இவர் சிரிக்கவில்லை. அவர் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். அப்படியே இருந்தார்கள். அருணின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "இதுங்க ரெண்டும் இனிமே வூட்ல சத்தமே போடாதுங்க" என்றாள்.

கேசரி அடி பிடித்துவிட்டது. சாப்பிட்டார்கள். இரண்டு பேரும் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டு கையை ஆட்டி ஆட்டி எதையோ பேசினார்கள். எத்தனை கூடை மீன், எவ்வளவு பெரிய சம்மட்டி, யாருக்குத் தெரியும். தேதி பேச வேண்டும் என்று நித்யா இரண்டு தடவை போய்க் கூப்பிட்டாள். வைகாசிக் கடைசி என்று முடிவானது. பேசி முடித்தது நானும் அருணின் அம்மாவும்தான், காலண்டரில் விரல் வைத்து.

கிளம்பும்போது வாசலில் செருப்புக் குவியல். எல்லோரும் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள். இவர் நிமிர்ந்து, அத்தனை பேர் தலைக்கும் மேலே என்னைத் தேடிப் பிடித்தார். இரண்டு விரலைச் சேர்த்து நெற்றியில் தட்டினார்.